உப்பில்லாத தவக்காலம்

என் மனைவியின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் படம் போட்டுக் காட்டியவர் ஒரு பெண் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில், ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில், நீலப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்கு வெளியே சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்தார். வட்டத்தின் ஓரத்தில் கதவு மாதிரி ஒரு கோடு.

"இது மூளையில இருக்கற ஒரு செல். இந்த மாதிரி கோடிக்கணக்குல இருக்கு. பக்கத்து செல்லு அனுப்பற சேதிதான் இந்தப் புள்ளி. ரசாயனம். ஆனா இது உள்ள போகாது. கதவைத் தட்டிட்டு வெளியிலேயே நின்னுடும்."

"அப்ப உள்ள கீறவங்களுக்கு யாரு சொல்றது?" என்று கேட்டது என் மனைவி. நான் கேட்கவில்லை. நான் எங்கேயும் எதையும் கேட்கிறவன் இல்லை.

"உள்ள வேற ஆள் இருக்கு. தட்டின உடனே செல்லுக்குள்ளயே இன்னொரு ரசாயனம் உண்டாகும். அது ஓடிப்போய் இங்க சொல்லும், அங்க சொல்லும். அதை ரெண்டாவது தூதுவர்னு சொல்லுவோம். வெளிய ஒண்ணு தட்டினா உள்ள ஆயிரம் கிளம்பும். உங்களுக்கு அந்தக் கூட்டம் ஜாஸ்தியாயிடுது. அதனாலதான் மூணு நாள் தூங்காம பேசிட்டே இருக்கீங்க."

என் மனைவி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சம்மனசு மாதிரின்னு சொல்லுங்க," என்றாள். வானதூதர்களை எங்கள் கோயில் வழக்கத்தில் சம்மனசு என்போம். "எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு அனுப்ச்ச ஆண்டவர், எனக்கு மட்டும் லோடு லோடா அனுப்ச்சிகீறார்."

டாக்டர் சிரித்துவிட்டார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஆளும் சிரித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு பேர் எதிரில் அவள் பேசினால் எனக்கு உடம்பு கூசும். அப்போது அப்படித்தான்.

நான் ஹார்பரில் சிக்னல் ஆள். கப்பலின் மேல்தளத்தில், சரக்குக் கிடங்கின் வாய் ஓரமாக நிற்பேன். கீழே கிடங்குக்குள் ஆட்கள் இரும்புச் சுருளுக்கோ மரத்தடிக்கோ கொக்கி மாட்டுவார்கள். கிரேனில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடங்கின் அடி தெரியாது. கீழே இருப்பவர்களுக்கு அவர் முகம் தெரியாது. இடையில் என் கைதான். கட்டைவிரலை மேலே காட்டினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல அசைத்தால் இறக்கு. முஷ்டியை மூடினால் நிறுத்து. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவன், ஒரே வேலையில் இத்தனை வருஷம் நிலைத்திருக்கிறேன் என்றால் அதில் பேச வேண்டியதில்லை என்பதுதான் காரணம்.

அதனால் டாக்டர் போட்ட படம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கரையிலிருந்து வருகிற உத்தரவு கிடங்குக்குள் இறங்காது, தளத்தோடு நின்றுவிடும். உள்ளே போவது வேறொன்று. ஆனால் எங்களுக்கு ஒரு கிடங்குக்கு ஒரு சிக்னல் ஆள்தான். இரண்டு பேர் கை காட்டினால் அன்றைக்குச் சாவு விழும். என் மனைவியின் செல்லுக்குள் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கை காட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

அவளுக்குக் கொடுத்த மாத்திரை லித்தியம். "இதுவும் ஒரு வகை உப்புதான்," என்றார் டாக்டர். "உள்ள ஓடற அந்தத் தூதுவரைத் திரும்பத் திரும்ப தயார் பண்ணிட்டே இருக்கற இடம் ஒண்ணு இருக்கு. அங்க போய் இது கையைப் பிடிச்சுக்கும். கூட்டம் கொறையும். இப்படித்தான் வேலை செய்யுதுன்னு நெனைக்கறோம். முழுசா யாருக்கும் தெரியாது."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்து அளவு பார்க்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று சொன்னார். கடைசியாக, எழுந்திருக்கும்போது, "சாப்பாட்டுல திடீர்னு எதையும் மாத்தக் கூடாது. டயட்னு யாராவது சொன்னா முதல்ல என்கிட்ட கேளுங்க," என்றார். நான் தலையாட்டினேன். டயட் என்பது எங்கள் தெருவில் யாரும் இருக்கிற விஷயமில்லை. அந்த வார்த்தை எனக்கு அப்போதே மறந்துபோயிற்று.

என் மனைவி காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை செய்தாள். நாற்பது ஐம்பது பெண்கள் ஐஸ் தண்ணீரில் கையை விட்டு உட்கார்ந்திருப்பார்கள். விரல் மரத்துப்போகும். அவள் பக்கத்தில் இடம் பிடிக்கப் போட்டி நடக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் கை வலிப்பது தெரியாதாம். சூப்பர்வைசர் நடப்பதை, பாதிரியார் இருமுவதை, நான் பெண் பார்க்க வந்த அன்று காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததை எல்லாம் செய்து காட்டுவாள். "எங்க ஆளு என்னைப் பாக்கவே இல்ல, டம்ளரைத்தான் கட்டிகினாரு," என்பாளாம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் இருந்த சத்தமெல்லாம் அவள் சத்தம்தான்.

நோய் ஏறியபோது அந்தப் பேச்சுக்குக் கரை இல்லாமல் போனது. ஒருமுறை வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பி, டோல்கேட்டில் பஸ் ஏறி எண்ணூர் போய், நெட்டுக்குப்பத்தில் முகத்துவாரத்து ஓரம் நின்று, ஆற்றில் படிந்திருக்கும் அனல்மின் நிலையச் சாம்பலை மொத்தமாக வாரி வந்த இடத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று படகுக்காரர்களிடம் பேசியிருக்கிறாள். அவர்கள் கேலியாக, "வாமே, மொத கூடையை நீ தூக்கு," என்றிருக்கிறார்கள். அவள் தூக்கியிருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது இடுப்புவரை சேறு. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டும், பாதிப் பேர் அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்ற முகத்தோடும் இருந்தார்கள். அவள் கையைப் பிடித்து ஷேர் ஆட்டோவில் ஏற்றினேன். திருவொற்றியூர் தாண்டும்வரை எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். அதற்கு அடுத்த வாரம்தான் ஆஸ்பத்திரி.

லித்தியம் வேலை செய்தது. நாலு வருஷம் ஒன்றும் வரவில்லை. தூங்கினாள், சமைத்தாள், வேலைக்குப் போனாள். கொட்டகையில் அவள் பக்கத்து இடத்துக்கு இப்போது போட்டி இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான்.

ஒருநாள் மதியம் சாப்பிடும்போது சொன்னாள். "நல்லாதான் கீறேன். ஒண்ணும் கொறை இல்ல. ஆனா தெனமும் பண்டிகை முடிஞ்ச மறுநாள் மாதிரியே கீது."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் பேச்சுக்குக் கூசிய நான்தான், அந்தப் பேச்சு திரும்பி வராதா என்று ஏங்கினேன்.

வழி சொன்னது அவளுடைய அக்கா. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் நாங்கள் ஒருசந்தி நோன்பு இருப்போம், வெள்ளிக்கிழமை கவிச்சி தொட மாட்டோம். பெரிய வேண்டுதல் இருக்கிறவர்கள் சிலர் நாற்பது நாளும் உப்பையே விட்டுவிடுவார்கள். உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத காய்.

"நான் வெச்சேன்டி அந்த வேண்டுதல," என்றார் அக்கா. "உங்க மாமன் குடிய வுட்டாரா இல்லியா?"

"மாமா குடிய வுட்டது கல்லீரல் வீங்கி," என்றாள் என் மனைவி.

"அந்தக் கல்லீரல வீங்க வெச்சது யாரு? மாதாதான்."

மூன்று பேரும் சிரித்தோம். என் மனைவி அந்த மாதிரிப் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. அந்த ஒரு வரிக்காகவே அந்த வேண்டுதலுக்கு முதலில் சரி என்று சொன்னவன் நான். மாத்திரை இல்லாமல், நோயும் இல்லாமல், அவள் பழைய ஆளாக வர வேண்டும் என்பது வேண்டுதல். இருவரும் சேர்ந்து இருப்பது என்று முடிவானது. பாஸ்கா என்கிற ஈஸ்டர்வரைக்கும் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுவது, அதற்கப்புறம் மாதா பார்த்துக்கொள்வார். வேண்டுதலை முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது என்பது அக்காவின் கட்டளை.

தவக்காலத்தின் முதல் நாளான விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்து முதல் கஞ்சியைக் குடித்தோம். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அவள் குடித்துவிட்டு, ஒரு தட்டில் வைத்திருந்த மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

நான் நாலாவது நாளே வேண்டுதலை முறித்தேன். ஹார்பர் கேன்டீனில் உப்புப் போடாத தயிர்சோறு கேட்டு வாங்கி, ஊறுகாயைத் தள்ளிவைத்துவிட்டுத் தின்றுகொண்டிருந்தேன். கிரேன் ஓட்டுகிறவர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மாமு, ஊறுகா மேல கோவமா?"

"வயிறு சரியில்ல."

"டூப் வுடாத. காலைலேருந்து உன் கை ஆடிகினு கீது. நானும் மேலேருந்து பாத்துகினுதான் கீறேன். இந்த வெயில்ல உப்பு துன்னாம நின்னா நீ வுழுவ. நீ வுழுந்தா கீழ கீறவன் தலைல லோடு எறங்கும். துன்னு."

தின்றேன். அவர் சொன்னது சரி என்று பட்டது. வெயிலில் நிற்கிறவனுக்கு உப்பு இல்லாவிட்டால் ஆகாது என்பது ஹார்பரில் எல்லாருக்கும் தெரியும். மறுநாளும் தின்றேன். அப்புறம் தினமும் மதியம் கேன்டீனில் உப்புப் போட்ட சோறு, சாயங்காலம் வீட்டில் அவளோடு உப்பில்லாத கஞ்சி. அவளுக்கும் அதே வெயில்தான். அவளுக்கும் அதே உடம்புதான். கிரேன்காரர் எனக்குச் சொன்னதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் வேண்டுதலை முறித்தது தெரிந்துவிடும்.

நாலாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் முறை வந்தது. அதே டாக்டர். என் மனைவி சீட்டை நீட்டினாள். கை நடுங்கியது.

"நடுக்கம் ஜாஸ்தியா இருக்கே. எத்தனை நாளா?"

"ஒரு வாரமா," என்றாள்.

"வாந்தி, பேதி?"

"வயிறு லேசா போவுது. வெயிலுக்கு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?"

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டுதலை அவள் வாயால் சொல்லக் கூடாது. நான் சொன்னால் என்ன என்று அவள் நினைத்திருக்கலாம். எனக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். முன்னால் படித்த பெண். மாதாவுக்கு வேண்டிக்கொண்டு உப்பை விட்டிருக்கிறோம் என்று அங்கே சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னொன்றும் இருந்தது. வேண்டுதலை நான் சாப்பாட்டு விஷயமாக நினைக்கவே இல்லை. அது கோயில் விஷயம். டாக்டர் கேட்பது வேறு ஏதோ என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன்.

"இல்ல டாக்டர்," என்றேன்.

ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். "இன்னிக்கே குடுத்துட்டுப் போங்க," என்றார். அன்று வெள்ளிக்கிழமை. ரத்தம் எடுக்கும் இடத்தில் கூட்டம் வாசலுக்கு வெளியே வரை நின்றது. "கோயில்ல சிலுவைப் பாதைக்கு நேரமாச்சு. பாஸ்கா முடிச்சு குடுத்துக்கலாம்," என்றாள் என் மனைவி. நான் அதற்கும் தலையாட்டினேன்.

பிறகு நடந்தது எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. தூங்கிக்கொண்டே இருந்தாள். குடித்த தண்ணீரும் வயிற்றில் நிற்கவில்லை. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். உபவாசக் களைப்பு என்று அக்கா சொன்னார். "மாதா சோதிக்குது. நானும் இப்டித்தான் கெடந்தேன்." நான் நம்பினேன். மாத்திரையை மட்டும் ஒருநாளும் தவறவிடவில்லை. மறந்தாலும் நான் எடுத்துக் கொடுத்தேன்.

பாஸ்காவுக்கு நாலு நாள் முன்பு, பெரிய வியாழனுக்கு முந்தின நாள் காலையில் நான் வேலைக்குப் போன பிறகு, தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாள். கால்களை அகல வைத்து, கப்பல் தளத்தில் நடப்பது போல நடந்தாளாம். குடத்தோடு நின்ற பெண்கள், "இன்னாமே, தவக்காலத்துல காலைலயே ஊத்திகினியா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வார்த்தை குழைந்து குழைந்து வந்தது. நடித்துக் காட்டுகிறாள் என்று நினைத்து இன்னும் சிரித்தார்கள். அவள் விழுந்து, கை கால் இழுத்துக்கொண்ட பிறகுதான் ஒருத்தி கத்தினாள்.

அவர்கள் போன் செய்தபோது நான் தளத்தில் நின்றேன். கிரேன்காரருக்கு முஷ்டியைக் காட்டி நிறுத்திவிட்டு ஓடினேன்.

சிறுநீரகத்துக்கு மெஷின் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். இரண்டு நாள் அவளுக்கு நினைவு இல்லை. மனநலப் பிரிவு டாக்டர் அந்த வார்டுக்கே வந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தார். என் பக்கமும் அக்கா பக்கமும் திரும்பி, "இவ்வளவு எப்படி ஏறிச்சு? மாத்திரையை மொத்தமா போட்டுக்கிட்டாங்களா?" என்று கேட்டார்.

"அய்யோ அதெல்லாம் இல்லம்மா," என்றார் அக்கா. தங்கைமேல் தப்பு வரக் கூடாது என்ற வேகத்தில் சொன்னார். "உப்பில்லாத வேண்டுதல் இருந்தா. விபூதி புதன்லேருந்து ஒரு நாள் வுடல. ஞாயித்துக்கெழமகூட வுடல."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நான் கேட்டேனே ஐயா," என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு விளக்கினார். நம் சிறுநீரகத்துக்கு இரண்டு உப்புக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாதாம். சாப்பாட்டு உப்பு வராமல் நின்றுபோனால், இருப்பதை வெளியே விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளுமாம். அந்த இழுப்பில் லித்தியமும் வெளியே போகாமல் தங்கிவிடும். தினமும் தங்கும். தங்கியது மூளைக்குப் போகும். அளவாக இருந்தபோது உள்ளே ஓடுகிற கூட்டத்தை அமைதியாக வைத்தது. அளவு மீறியதும் நடையையும் நாக்கையும் பார்த்துக்கொள்கிற சிறுமூளையின் செல்களையே கொன்றுவிட்டது. நான் எடுத்துக் கொடுத்த மாத்திரை, நான் சரி என்ற கஞ்சி.

"திரும்ப வருமா?" என்று நானே கேட்டேன். டாக்டரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"சில பேருக்கு மெல்ல வரும். பார்க்கலாம்."

பார்த்தோம். ஆறு மாதம் பார்த்தோம், ஒரு வருஷம் பார்த்தோம். காலை அகலமாக வைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடப்பாள். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சிந்திவிடும். அறிவு ஒன்றும் குறையவில்லை. எல்லாம் தெரிகிறது, எல்லாம் நினைவிருக்கிறது. பேச்சுதான் வரவில்லை. வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுகிறவளைப் போல ஒரு சத்தம் வரும். ஒரு வார்த்தையை நாலு தரம் சொன்னால் ஒரு தரம் புரியும். கொட்டகையிலிருந்து முதலில் பெண்கள் பார்க்க வந்தார்கள். புரியாமல் புரிந்த மாதிரி சிரிப்பது அவர்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். பிறகு வரவில்லை. அக்கா வந்தால் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் மனைவியின் முகத்தைப் பார்க்க மாட்டார்.

என் கை மொழியை அவளுக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. தண்ணீருக்கு ஒன்று, பசிக்கு ஒன்று, போதும் என்பதற்கு ஒன்று. ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். ஆனால் நடுங்குகிற கையில் இறக்கு என்பதும் நிறுத்து என்பதும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. இருபது அடி ஆழத்தில் காட்டுகிற கையை மேலிருந்து தப்பில்லாமல் படிக்கிற நான், ஒரு முழம் தூரத்தில் என் மனைவியின் கையைப் படிக்க முடியாமல் தவித்தேன். அவள் என் முழியைப் பார்த்துவிட்டுக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

நினைவு வந்த அந்த முதல் வாரத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவள் என்னிடம் கேட்டது ஒன்று உண்டு. மூன்று தரம் சொன்ன பிறகுதான் புரிந்தது. "நீயும் உப்பில்லாமதான துன்ன?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரே வேண்டுதல், இரண்டு பேர், ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் மாதா தன்னைத்தான் ஏற்கவில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். டாக்டர் சொன்ன சிறுநீரகக் கதையை எத்தனை தரம் சொன்னாலும் அவள் ஒரு விரலை உயர்த்தி என்னைக் காட்டுவாள். உனக்கு ஏன் ஆகவில்லை என்று அர்த்தம். நீ மாத்திரை சாப்பிடுகிறவள், நான் இல்லை என்பேன். அது உண்மைதான். ஆனால் உண்மையில் பாதி. அவள் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். என்ன பாவம் செய்தோம் என்று அவள் தேடுவது முகத்தில் தெரியும். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

லித்தியம் இனி அவளுக்கு ஆகாது. வேறு மாத்திரை கொடுத்தார்கள். அது பிடித்து நிறுத்தவில்லை. இந்த வருஷம் வெயில் ஆரம்பித்தபோது பழைய நோய் திரும்பி வந்தது. தூக்கம் போனது. கண்ணில் அந்தப் பழைய மினுக்கம். உள்ளே கூட்டம் கிளம்பிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் இந்த முறை வெளியே வருவதற்கு வழி இல்லை. காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை பேசுகிறாள். வேகம் அதே வேகம். நடித்துக் காட்டுகிறாள், குரலை மாற்றுகிறாள், நடுவில் நிறுத்தி நான் சிரிப்பதற்கு இடம் விடுகிறாள். ஒரு வார்த்தைகூடப் புரிவதில்லை. அவ்வளவு வேகத்தில் அந்த நாக்கால் எதையும் செதுக்க முடியவில்லை. முன்பு நாலில் ஒன்றாவது புரியும். இப்போது அதுவும் இல்லை.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாத்திரையின் அளவைக் கூட்டினார். "இதுக்கு மேல என்கிட்ட நல்ல மருந்து இல்ல ஐயா," என்றார். அவர் கண் கலங்கியது போல இருந்தது. நான் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பகல். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். அவள் நிறுத்தவில்லை. அவள் பேச்சுக்கு நடுவிலேயே சொன்னேன்.

"நான் உப்பு துன்னேன்மே. நாலாவது நாள்லேருந்து. ஹார்பர்ல. தெனமும். உங்கிட்ட மறைச்சுட்டேன். மாதா உன்னத் தள்ளல."

நிறுத்தினாள். அவ்வளவு நாளில் முதல் முறையாக வீட்டில் சத்தம் இல்லை. என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். இந்த முறை என்னைப் பார்த்து, என்னிடம், நீளமாக. கோபமா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு மாதிரியும் இருந்தது. கை என் பக்கம் ஆடியது. அடிக்க வருகிறதா, தொட வருகிறதா என்று தெரியவில்லை. அவள் கை எப்போதும் ஆடுகிறதுதானே. கால் மணி நேரம் பேசியிருப்பாள். கடைசியில் நிறுத்தி, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அது மட்டும் புரிந்தது.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது," என்றேன்.

"நா இன்னா சொன்னேன், சொல்லு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். மன்னித்துவிட்டாள் என்று சொல்லலாம். சபித்துவிட்டாள் என்றும் சொல்லலாம். இரண்டில் எதைச் சொன்னாலும் அது நானாகச் சொல்வதுதான்.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு உட்கார்ந்தபடியே மெல்ல நகர்ந்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதிலிருந்து அந்தப் பக்கம் பார்த்துத்தான் பேசுகிறாள். நான் சோறு வைத்தால் வாங்கிக்கொள்கிறாள், மாத்திரை கொடுத்தால் விழுங்குகிறாள், மறுபடி திரும்பிக்கொள்கிறாள். பேச்சு நிற்கவில்லை. பின்னாலிருந்து பார்த்தால் சில சமயம் தோள் குலுங்குகிறது. சிரிக்கிறாள் என்று நினைக்கிறேன்.